வில்மா பக்கன் பிடிக்காத பலகை

வில்மா பக்கனுக்கும் எனக்கும் இரண்டு வருஷமாகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. எதிரெதிரே நின்று, ஆளுக்கொரு கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு. வெளியூர்க்காரர்கள் கேட்டால் பயந்துபோவார்கள். எங்கள் கடற்கரை ஊரான கெய்ர்ன்ஹேவனில் யாரும் பயப்படமாட்டார்கள். பிட்கேத்லி மீன் கூடத்து அறுப்பு மேசையில் வாய் மூடி நின்றவர்கள் எவரையும் நான் பார்த்ததில்லை. காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை ஐஸ் தண்ணீருக்குள் கைவிட்டு ஹேடாக் மீனை அறுக்கிற வேலை. உடம்பில் வாயாவது சூடாக இருக்கவேண்டும்.

ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா வேண்டாமா என்பதுதான் எங்கள் சண்டை. நான் வேண்டும் என்கிற கட்சி. அவள் வேண்டாம் என்கிற கட்சி. 2014 செப்டம்பர் பதினெட்டு, வியாழக்கிழமை, ஓட்டு.

வில்மாவுக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். குள்ளம். அந்தக் கூடத்தில் இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். பத்து எண்ணுவதற்குள் ஒரு ஹேடாக்கின் இரண்டு பக்கச் சதையையும் எடுத்துவிட்டு எலும்பைத் தொட்டியில் எறிவாள்; அந்த எலும்பில் ஒரு பூனைக்குக்கூட எதுவும் மிச்சமிருக்காது. அவள் கணவர் டாட் பட்டாளத்தில் இருந்து முழங்கால் போய் வீட்டோடு இருந்தார். மகள் எல்லைக்குத் தெற்கே நியூகாசிலில் நர்ஸ். அண்ணன் எண்பத்திரண்டில் தெற்கு அட்லாண்டிக் சண்டையில் கப்பலோடு எரிந்துபோனவன். உடம்பு வரவில்லை. மடித்த பிரிட்டிஷ் கொடி ஒன்றுதான் வீட்டுக்கு வந்தது.

"அந்தக் கொடி எங்கம்மா அலமாரியில இருபது வருஷம் இருந்துச்சு. அது வேற நாட்டுக் கொடின்னு இன்னைக்கு நீ சொன்னா நான் யார்கிட்டப் போய் அழறது?" என்று ஒருநாள் கேட்டாள். அந்த ஒன்றுக்கு மட்டும் நான் குனிந்து மீனை அறுத்தேன். வேறு எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

"உன் தனி நாட்டுல எம் மவளப் பாக்கப் போகணும்னா பாஸ்போர்ட் எடுக்கணுமாடி?"

"ஒண்ணும் வேணாம். உன் மூஞ்சியக் காட்டினா போதும், கேட்டத் தொறந்து விட்ருவான்."

"சிரிக்காத. அறுக்கிறத ஒழுங்கா அறு. பாதிச் சதை எலும்போட போவுது. இப்படித்தான் நாட்டையும் அறுக்கப் போறீங்க."

"எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லேந்து நாம ஒரு பக்கம் ஓட்டுப் போடுறோம், லண்டன்ல வேறொருத்தன் வந்து உக்காருறான். அது பரவாயில்லையா உனக்கு?"

"எடின்பரோல உக்காந்தவன் மட்டும் உன்னைக் கேட்டா செய்யிறான்? நம்ம ஊர் ராத்திரி பஸ்ஸ நிறுத்தினது எவன்?"

இப்படியே போகும். கூடத்துக்குள் பேட்ஜ் குத்தக் கூடாது, மீனில் விழுந்துவிடும் என்று விதி. அதனால் ஆளாளுக்கு ரப்பர் பூட்ஸில் மார்க்கர் பேனாவால் எழுதிக்கொண்டோம். திருட்டுப் போகாமலிருக்க அதில் ஏற்கெனவே அவரவர் பெயர் இருக்கும். பெயருக்குக் கீழே நான் 'ஆம்' என்று எழுதினேன், வில்மா இரண்டு காலிலும் 'வேண்டாம்' என்று எழுதினாள். எங்கள் மேசையில் மூன்றாவது ஆள் போஷெனா. போலந்துக்காரி. எங்கள் ஊருக்கு வந்து ஒன்பது வருஷமாகியிருந்தது. இங்கே குடியிருக்கிற எல்லோருக்கும் ஓட்டு என்று சட்டம் இருந்ததால் அவளுக்கும் ஓட்டு இருந்தது. அவள் பூட்ஸில் பெயர் மட்டும்தான் இருந்தது. இன்னும் முடிவு பண்ணவில்லை என்பாள். இரண்டு பக்கமும் அவளைப் பிடித்து இழுத்தோம்.

நான் வெட்கப்படுகிற விஷயம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பேச்சுக்கு டோரிக் என்று பெயர். தெற்கத்திக்காரனுக்குப் பாதி புரியாது. சூப்பர்மார்க்கெட் ஆட்கள் மீன் பார்க்க வரும்போது, 'வாடிக்கையாளர் முன்னிலையில் தெளிவான ஆங்கிலத்தில் பேசவும்' என்று சுவரில் ஒரு தாள் ஒட்டுவார்கள். தனி நாடு கேட்ட நான் அந்த நாளில் நாக்கைச் சுருட்டிக்கொண்டு டி.வி.யில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி பேசுவேன். வேண்டாம் என்ற வில்மா அன்றைக்கென்று இன்னும் கொஞ்சம் அதிகமாக எங்கள் பேச்சைப் பேசுவாள். ஒருமுறை கோட் போட்ட ஒருவன் "இது என்ன மீன்?" என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலில் அவனுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

"ஏண்டி, நீதான் ஸ்காட்லாந்துக்காரியா, நான் இல்லையா?" என்று அப்புறம் என்னைக் கேட்டாள். "வாயத் தொறந்தா லண்டன் ரேடியோ மாதிரி இருக்கு."

கூடத்தின் முதலாளி ரானல்ட் பிட்கேத்லி. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர் என்பதால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பட்டப்பெயர் ஒன்று உண்டு. பிட்கேத்லிகளுக்குச் 'சிப்பி'. அவருடைய தாத்தா சிப்பி சாண்டி தூண்டிலுக்குச் சிப்பி பொறுக்கி விற்றவர். பேரன் எடின்பரோவில் தங்கிப் படித்துவிட்டு வந்தவர். யார் வீட்டுக் கல்யாணமானாலும் கில்ட் என்கிற கட்டம்போட்ட ஆண்கள் பாவாடையைக் கட்டிக்கொண்டு, முழங்கால் சாக்ஸில் சின்னக் கத்தியைச் செருகிக்கொண்டு முதல் வரிசையில் நிற்பார். ஆனால் வாயைத் திறந்தால் புத்தகத்தில் இருப்பது மாதிரிதான் வரும். 'சிப்பி' என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சிவந்துவிடும்.

செப்டம்பர் ஐந்தாம் தேதி சம்பளச் சீட்டோடு அவருடைய கடிதம் ஒன்று வந்தது. தனி நாடு என்று முடிவானால் கூடத்தை எல்லைக்குத் தெற்கே மாற்றுவதைத் தவிர நிர்வாகத்துக்கு வேறு வழி இருக்காது. நூற்றிருபது குடும்பங்களின் எதிர்காலத்தை மனதில் வைத்து வாக்களிக்கவும். வெளிநாட்டுப் பணியாளர்களின் நிலையும் உறுதியற்றதாகிவிடும். கீழே கையெழுத்து.

தேநீர் இடைவேளையில் போஷெனா அதை மூன்று முறை படித்தாள். அவளுடைய வெண்ணெய் ரொட்டி தட்டிலேயே இருந்தது.

"உறுதியில்லைன்னா என்ன அர்த்தம்? எங்கள அனுப்பிருவாங்களா?"

"யாரும் யாரையும் அனுப்பமாட்டாங்க," என்றேன். "பயமுறுத்துறான். ஓட்ட மிரட்டி வாங்கப் பாக்கிறான்."

வில்மா தன்னுடையதை நாலாக மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்தாள். "அவன் சொல்றதுல தப்பு என்ன இருக்கு? தெற்க விக்கிற மீன் இது. நடுவுல எல்லை வந்தா அவன் கணக்குப் பாக்கத்தான் செய்வான்."

எனக்கு வந்த கோபத்தில் சொல்லக்கூடாததைச் சொன்னேன். "இருபத்தெட்டு வருஷம் அவன் மீன அறுத்து அறுத்து உனக்கு முதுகெலும்பும் போயிருச்சு. அவன் மடியில கெடக்கிற நாய்க்குட்டி நீ."

 வில்மா என்னைப் பார்த்தாள். திருப்பித் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. எழுந்து போய் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தாள். அதற்கப்புறம் ஆறு வேலை நாட்கள் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு மணிநேரம் எதிரே நின்று பேசாமல் இருப்பது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. கையெல்லாம் விறைத்துப் போயிற்று.

பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை. இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் நார்மன் வந்து, யாரும் வீட்டுக்குப் போகவேண்டாம், எல்லோரும் முற்றத்துக்கு வாருங்கள் என்றான். வெளியே பிட்கேத்லி நின்றார். பக்கத்தில் கேமராவோடு ஒரு பேப்பர்க்காரன். லாரி ஏற்றுகிற மேடையில் நீல நிறப் பலகைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் 'வேண்டாம், நன்றி' என்று அச்சடித்திருந்தது.

"நண்பர்களே, ஐந்து நிமிடம் போதும்," என்றார் பிட்கேத்லி. "இந்தக் கூடத்தின் குரல் நாடு முழுவதும் கேட்கவேண்டும். நாளைய நாளிதழில் நம் படம் வரப்போகிறது. ஒரே குடும்பமாக நிற்போம்."

நார்மன் பலகைகளைக் கொடுத்துக்கொண்டே வந்தான். இன்னொரு கையில் அட்டையில் செருகிய பெயர்ப் பட்டியல், காதில் பென்சில். வாங்கினவர்கள் பெயருக்கு நேரே ஒரு கோடு. நானும் இன்னும் ஏழெட்டுப் பேரும் சுவர் ஓரமாக ஒதுங்கினோம். எங்கள் பெயருக்கு நேரே அவன் வேறு ஏதோ குறித்தான்.

பிட்கேத்லி தாமே போய் வில்மாவைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "திருமதி பக்கன், நீங்கள் நடுவில் நிற்கவேண்டும். இருபத்தெட்டு ஆண்டுகள். உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?" எல்லாவற்றிலும் பெரிய பலகையை அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று நினைக்கிறேன். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நார்மன் போஷெனாவிடம் வந்தான். அவள் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"பிடி."

"நான் இன்னும் முடிவு பண்ணல, நார்மன்."

"முடிவெல்லாம் அப்புறம் பண்ணிக்கோ. படத்துக்குத்தான. குளிர்கால ஷிஃப்ட் லிஸ்ட் யாரு போடுறது, நாந்தானே? பாத்துக்கோ."

அவன் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் ஈரச் சிமெண்ட் முற்றத்தில் எல்லோர் காதிலும் விழுந்தது. போஷெனா பலகையை வாங்கினாள். அவள் கழுத்து வரை சிவந்திருந்தது. நார்மன் அவளைத் தோளைப் பிடித்து வில்மாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

வில்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏ புள்ள, நீ எதுக்கு ஓட்டுப் போடப் போற?"

"தெரியல வில்மா."

"தெரியலைன்னா இத ஏன் பிடிச்சுக்கிட்டு நிக்கிற?"

போஷெனா தலையைத் திருப்பினாள். நார்மன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். வில்மாவும் அதைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் நின்ற எங்களைப் பார்த்தாள். கேமராக்காரன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான்.

வில்மா பலகையை முகம் கீழே படும்படி தரையில் வைத்தாள். எறியவில்லை. குழந்தையைக் கிடத்துவது மாதிரி மெல்லத்தான் வைத்தாள்.

"என்ன ஆயிற்று, வில்மா?" பிட்கேத்லி சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "நீங்கள் நம் பக்கம்தானே?"

"நான் வேண்டாம்ங்கிற பக்கம். உன் பக்கம் இல்ல. ரெண்டும் ஒண்ணுன்னு நீயா நெனச்சுக்கிட்ட."

"தயவுசெய்து மரியாதையாகவும் தெளிவாகவும் பேசுங்கள். பத்திரிகையிலிருந்து வந்திருக்கிறார்கள்."

"தெளிவாத்தான் பேசுறேன். எங்கம்மா பேசின பேச்சு இது. சிப்பி சாண்டி பேசினதும் இதேதான். அந்த மனுசன் சாகிற வரைக்கும் கரையில நின்னு இதத்தான் பேசினாரு. அவருக்குக் கேட்ட மாதிரி உனக்கும் கேக்கும்." அவள் கைகளை ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டாள். "வியாழக்கெழம நான் போய் ஓட்டுப் போடுவேன். வேண்டாம்னுதான் போடுவேன். திரைக்குப் பின்னால நின்னு, எங்கையால போடுவேன். இந்த முத்தத்துல உனக்காகப் போடமாட்டேன். இவன் லிஸ்ட்டுல கோடு போடுறதுக்காகவும் போடமாட்டேன். இந்தப் புள்ளைய மிரட்டி எம்பக்கத்துல நிறுத்தினா எம்பக்கம் அசிங்கமாயிரும்."

போஷெனா தன் பலகையைக் கீழே வைத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் வைத்தாள். அப்புறம் ஒவ்வொருவராக. எல்லோரும் வைத்தார்கள் என்று சொன்னால் பொய். பதினைந்து இருபது பேர் கடைசிவரை பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தை எடுத்துப் பிரயோஜனம் இல்லை என்று கேமராக்காரனுக்குத் தெரிந்துவிட்டது. லென்ஸை மூடினான்.

பிட்கேத்லியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அவர் கண் வில்மாவின் காலுக்குப் போனது. "உங்கள் காலணியில் எழுதியிருக்கிறீர்கள். உணவு தயாரிக்கும் கூடத்தில் அது சுகாதார விதிமீறல். விசாரணை முடியும்வரை நீங்கள் வேலைக்கு வரவேண்டாம்."

தன் காலில் 'வேண்டாம்' என்று எழுதியதற்காக, வேண்டாம் என்று சொல்லச் சொன்ன ஆளே அவளை வெளியே அனுப்பினார். யாரோ சிரித்தார்கள். வில்மா அங்கேயே பூட்ஸைக் கழற்றி, மேடை மீது ஜோடியாக வைத்துவிட்டு, சாக்ஸோடு ஈரத் தரையில் நடந்து போய் தன் ஷூவை எடுத்துக்கொண்டாள். என் பக்கமாகத்தான் போனாள். அப்போதும் பேசவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எல்லோரும் வந்தோம். ஏப்ரன் கட்டினோம், கையுறை போட்டோம், மேசைக்கு வந்தோம். ராத்திரி வந்த படகுகளில் மீன் நிறைய. பெட்டி பெட்டியாக ஐஸில் வந்து இறங்கியது. என்ன செய்யவேண்டும் என்று நாங்கள் முன்கூட்டிப் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லியிருந்தால் ஆம் கட்சிக்காரி அரசியல் பண்ணுகிறாள் என்று ஆகியிருக்கும். அதனால் சும்மா நின்றேன்.

கத்தியை முதலில் கீழே வைத்தது போஷெனா. மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். எதிரே வில்மா நிற்கிற இடம் காலியாக இருந்தது. நான் வைத்தேன். அடுத்த மேசையில் வைத்தார்கள். கடைசி மேசையில், முந்தின நாள் பலகையை விடாமல் பிடித்திருந்தவர்களும் வைத்தார்கள். ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

நார்மன் வந்து கத்தினான். அப்புறம் கெஞ்சினான். எட்டு மணிக்குப் பிட்கேத்லி வந்தார்.

"இது ஆம் அணியின் வேலை என்று எனக்குத் தெரியும்," என்றார் என்னைப் பார்த்து. "லோர்னா, நீங்கள்தான் தூண்டியிருக்கிறீர்கள்."

"நான் எந்த அணியும் இல்ல," என்றாள் போஷெனா. "நான்தான் முதல்ல கத்திய வச்சேன். வில்மாவக் கூப்பிடுங்க. அறுக்கிறோம்."

அவள் அவ்வளவு நீளமாக முதலாளியிடம் பேசியதை நான் கேட்டதேயில்லை. பிட்கேத்லி கடிகாரத்தைப் பார்த்தார். தெற்கே போகிற லாரி நாலு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். பத்தரை மணி வரை அலுவலக அறைக்குள் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பிறகு வெளியே வந்து என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "என்னோடு வாருங்கள். நான் தனியாகப் போனால் கதவைத் திறக்கமாட்டார்கள்."

அவருடைய காரில் செதில் ஒட்டிய ஏப்ரனோடு உட்கார்ந்தேன். சீட்டுகூடச் சூடாக இருந்தது. 

டாட் கதவைத் திறந்தார். பட்டாளத்துக்காரர் என்பதால் முதலாளியைப் பார்த்து நிமிர்ந்து நின்றாரே தவிர உள்ளே வரச் சொல்லவில்லை. வில்மா சமையலறையில் சூப்புக்கு டர்னிப் நறுக்கிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்: "யாரு?"

"சிப்பி வந்திருக்கான்," என்றார் டாட்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பிட்கேத்லி, விசாரணை ரத்து செய்யப்படுகிறது, உடனே வேலைக்குத் திரும்பலாம் என்றார். அவள் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை.

"அந்தக் கடுதாசிய வாபஸ் வாங்கணும். உன் வாயாலேயே, எல்லார் முன்னாலயும் சொல்லணும். அந்த லிஸ்ட்டக் கிழிக்கணும்."

"அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டிவிடுகிறேன்."

"தாள் வேணாம். வாயால. அதுவும் எங்க பேச்சுல. அங்க பாதிப் பேருக்கு உன் பேச்சு கோர்ட்ல இருந்து வர்ற மாதிரி இருக்கு. பயந்தே போயிருவாங்க."

"வில்மா, இது அபத்தம். எனக்கு அது பேச வராது."

"வரும். ஆறு வயசுல நீ துறைமுகத்துல விழுந்தப்போ எங்கண்ணன்தான் தூக்கினான். அப்ப என்ன சொல்லி அழுதன்னு நான் கேட்டேன். நல்லாத்தான் பேசின."

அவர் வாசற்படியைப் பார்த்தார். பிறகு போய்க் காரின் பின்கதவை அவளுக்காகத் திறந்துவைத்தார். அந்த அண்ணன் எங்கே போனான் என்பது அவருக்கும் தெரியும்.

பதினோரு மணிக்கு மேல் கூடத்தில் ரேடியோவை நிறுத்தினார்கள். பிட்கேத்லி மீன் பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்றார். "சக பணியாளர்களே, கடந்த ஐந்தாம் தேதியிட்ட கடிதம்..." என்று ஆரம்பித்தார். வில்மா காதருகே கையை வைத்துக்கொண்டு, "கேக்கல," என்றாள். அவர் நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். அப்புறம் எங்கள் பேச்சு வந்தது.

"நான் அனுப்பின கடுதாசிய மறந்துருங்க. அது தப்பு. அவங்கவங்க மனசுக்குப் பட்டதுக்குப் போடுங்க. நான் கேக்கவும் மாட்டேன், யாரும் சொல்லவும் வேணாம். இந்த லிஸ்ட்டுக்காவ யார் ஷிஃப்ட்டும் போவாது."

முதல் இரண்டு சொல் துருப்பிடித்து வந்தது, மிச்சமெல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் தாத்தாவின் குரல் எனக்கு லேசாக ஞாபகம் உண்டு; அதே இழுப்பு. நார்மனிடமிருந்து அட்டையை வாங்கித் தாளைக் கிழித்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த ஒரு நிமிஷம் அந்த ஆளை எனக்குப் பிடித்திருந்தது. யாரும் கைதட்டவில்லை. கத்தியை எடுத்தோம். நாலு மணி லாரி நாலே முக்காலுக்குக் கிளம்பியது.

வில்மா என் எதிரே வந்து நின்று முதல் மீனை எடுத்தாள்.

"நாய்க்குட்டி வந்துருச்சு," என்றாள்.

"நான் சொன்னது தப்பு."

"தப்புதான். அறு."

வியாழக்கிழமை கடல் மூடுபனி ஊருக்குள் வந்திருந்தது. ஷிஃப்ட் முடிந்து மூன்று பேரும் சேர்ந்தே பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். வாசலில் ஒரு பக்கம் ஆம் ஆட்கள், மறுபக்கம் வேண்டாம் ஆட்கள், இரண்டு பக்கத்தாரும் ஒரே தெர்மாஸ் பிளாஸ்கிலிருந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பதினாறு வயதானவர்களுக்கும் ஓட்டு என்பதால் யூனிஃபார்மோடு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நான் மீன் வெட்டின கையால் பென்சிலைப் பிடித்தேன்.  'ஆம்' கட்டத்தில் குறுக்கே இரண்டு கோடு போட்டு மடித்துப் பெட்டியில் போட்டேன். வெளியே வந்தபோது போஷெனா முன்னமே வந்து சுவரில் சாய்ந்திருந்தாள். எதற்குப் போட்டாள் என்று நாங்கள் கேட்கவில்லை. இன்றைக்கு வரை அவள் சொன்னதுமில்லை.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும் முன்பே ரேடியோவில் முடிவு தெரிந்துவிட்டது. நூற்றுக்கு ஐம்பத்தைந்து வேண்டாம், நாற்பத்தைந்து ஆம். பஸ்ஸில் அழவில்லை. உடை மாற்றும் அறையில் பூட்ஸைப் போடக் குனிந்தபோது அந்த 'ஆம்' கண்ணில் பட்டது. உட்கார்ந்துவிட்டேன். தோற்றதற்காக மட்டும் அழவில்லை. என் ஊரில், என் தெருவில், என்னோடு ரொட்டி தின்கிறவர்களில் பாதிக்கு மேல் நான் கேட்டதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே என்றும் அழுதேன்.

வில்மா வந்து பக்கத்தில் நின்றாள்.

"நான் சாரி சொல்லமாட்டேன்."

"சொல்ல வேணாம்."

"மனசாரத்தான் போட்டேன். நாளைக்கு மறுபடி வச்சாலும் அதத்தான் போடுவேன்."

"தெரியும், போ."

"ஆனா நீ அழுதா எனக்குக் கை ஓடாது."

அவள் போய்விட்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தபோது என் பெட்டி மீனில் பாதி அறுத்து முடிந்திருந்தது. தன் பெட்டியை இன்னும் தொடவில்லை அவள்.

"அடுத்த தடவ ஜெயிப்போம்," என்றேன்.

"அடுத்த தடவையும் நான் இருப்பேன்," என்றாள்.

நாடு பிரியவில்லை. எல்லை வரவில்லை. மறுவருஷம் ஏப்ரலில் பிட்கேத்லி கூடத்தை மூடிவிட்டுத் தெற்கே போனார். மின்சாரச் செலவு, புதிய கூட்டாளிகள், சந்தைச் சூழல் என்று ஒரு கடிதம் வந்தது. அதை நார்மன்தான் வாசித்தான். அவனுக்கும் வேலை போயிருந்தது. நான் கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தேன். வில்மாவைப் பிடித்து உலுக்கினேன்.

"பாத்தியா? நீ கேட்டது கெடைச்சும் அவன் போறான். இப்ப என்ன சொல்ற?"

"என்ன சொல்லணும்? அவன் சொல்லி நான் போடல. அவன் போறதுனால மாத்தவும் மாட்டேன். அவனுக்கு நாடும் கெடையாது ஒண்ணும் கெடையாது, அவனுக்கு விலைதான். அவன வச்சு நீயும் கணக்குப் போடாத, நானும் போடல."

இரண்டு மாதம் மூன்று பேரும் சும்மா இருந்தோம். அப்புறம் பதினெட்டு மைல் தள்ளி வேறொரு ஊரில் ஒரு மீன் கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனோம். அலுவலகத்தில் ஒரு பெண் ஆளுக்கொரு படிவம் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் 'நீங்கள் உங்களை யாராகக் கருதுகிறீர்கள்? ஒன்றை மட்டும் குறிக்கவும்' என்று இருந்தது. கீழே வரிசையாகக் கட்டங்கள்: ஸ்காட்டிஷ், பிற பிரிட்டிஷ், ஐரிஷ், போலிஷ், இன்னும் என்னென்னவோ.

நான் முதல் கட்டத்தில் பேனா கிழிகிற அளவுக்கு அழுத்திக் குறித்தேன். போஷெனா போலிஷ் என்று குறித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, ஓரத்தில் 'கெய்ர்ன்ஹேவன்' என்று எழுதினாள். வில்மா முதல் இரண்டு கட்டத்தையும் குறித்துக் கொடுத்தாள்.

அந்தப் பெண் படிவத்தைத் திருப்பி நீட்டினாள். "மன்னிக்கணும், ஒண்ணுதான் குறிக்கணும்."

"ரெண்டும் நான்தான்."

"கம்ப்யூட்டர் ஒண்ணுதான் எடுத்துக்கும், அம்மா."

"அப்ப கம்ப்யூட்டரத்தான் மாத்தணும். நான் எதுக்கு மாறணும்?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் ஏதாவது சொல்லி வில்மாவைச் சரிக்கட்டுவேன் என்று. இத்தனை வருஷமாக வில்மாவோடு நான் போட்ட சண்டையெல்லாம் அந்த இரண்டு கட்டத்தைப் பற்றியதுதான். அதில் ஒன்று இல்லாமல் போகவேண்டும் என்று இப்போதும் நான் நினைக்கிறேன்.

"அவ எழுதினது எழுதினபடி இருக்கட்டும்," என்றேன். எங்கள் பேச்சிலேயே சொன்னேன்.

அந்தப் பெண் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை ஆறு மணிக்கு வரச் சொன்னாள், கத்தி அவரவர் கொண்டுவர வேண்டும் என்றாள். பஸ் நிறுத்தத்துக்கு வரும் வழியிலேயே வில்மா, தனி நாடானால் மீன்பிடி உரிமை என்னவாகும் என்று ஆரம்பித்துவிட்டாள். ஊர் வந்து சேர்கிறவரை விடவில்லை.